வரி கட்டிவிட்டு வரட்டும்

1

ஆனி பிறந்தால் நாங்கள் ஆஸ்திரேலியாவுக்கு வந்த நாள் வரும். இந்த ஆனியோடு பதினான்கு வருடம். அன்றைக்கு என் கணவர் மறக்காமல் "வந்த நாள்" என்பார், நான் மறக்காமல் பாயசம் வைப்பேன். அதற்கு மேல் கொண்டாட்டம் எதுவும் கிடையாது. எதைக் கொண்டாடுகிறோம், ஊரை விட்டதையா, இங்கே நிலைத்ததையா என்று நாங்கள் இருவரும் இதுவரை பேசி முடிவு செய்யவில்லை.

இந்த வருடம் சேமியா வெந்துகொண்டிருந்தபோது, பக்கத்துத் தோட்டத்து டெரில் வேலி ஓரமாக வந்து நின்று என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். சரளா என்பது அவர் வாயில் சர்லா ஆகிப் பல வருடமாகிறது. நானும் இப்போது போனில் யாராவது கேட்டால் சர்லா என்றே சொல்லித் தொலைக்கிறேன், இரண்டு முறை சொல்லும் வேலை மிச்சம்.

"வியாழக்கிழமை கவுன்சில் கூட்டம். நீ வந்து மூணு நிமிஷம் பேசணும்" என்றார்.

எங்கள் ஊர் குயின்ஸ்லாந்தின் வடக்கே, மாமரத்தை நம்பிப் பிழைக்கிற சின்ன ஊர். கவுன்சில் என்றால் எங்கள் ஆந்திராப் பக்கத்து மண்டல பரிஷத், தமிழ்நாட்டு ஊராட்சி ஒன்றியம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ரோடு, குப்பை, தெருநாய் இவைதான் அதன் ராஜ்யம். ஒரு தகரக் கொட்டகை கட்ட அனுமதி கேட்டு நாங்கள் அங்கே நடந்த நடையில் என் செருப்பு தேய்ந்தது தனிக் கதை. அந்தக் கவுன்சில் இந்த முறை பெரிய விஷயத்தில் கை வைத்திருந்தது. வெளிநாட்டிலிருந்து டிரம் டிரம்மாக வந்து இறங்கும் மாங்கூழால் உள்ளூர் விவசாயி அடிபடுகிறான், அதற்கு இறக்குமதி வரி போட வேண்டும் என்று மத்திய அரசைக் கேட்டுத் தீர்மானம் போடப்போகிறார்கள். வரி போடும் அதிகாரம் கவுன்சிலுக்குத் துளியும் கிடையாது. கேட்கலாம், அவ்வளவுதான்.

"அந்தத் தீர்மானத்தில ஒரு வாக்கியம் இருக்கு. வெளிநாட்டுக் கூழ் தரம் குறைஞ்சது, பழசு, நம்பிக் குடிக்க முடியாதுன்னு. அதை நாங்க சொன்னா பொறாமைன்னு சொல்லுவாங்க. ஜூஸ் கம்பெனி லேப்ல தினம் அந்த டிரம்மைத் திறந்து பாக்கறவ நீ. நீ சொன்னா எடுபடும்" என்றார் டெரில்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். உள்ளே வந்தால் சேமியா அடிபிடித்திருந்தது.

டெரிலுக்குக் கூழ் இந்தியாவிலிருந்து வருகிறது என்று தெரியும். இந்தியாவில் எங்கிருந்து என்று தெரியாது. டிரம்மின் மேல் ஒட்டிய காகிதத்தில் சித்தூர் மாவட்டம் என்று அச்சடித்திருக்கும். அது என் மாவட்டம். அந்த டிரம்மில் இருப்பது பெங்களூரா, அதாவது கிளிமூக்கு மாங்காய். அதைத்தான் என் தம்பி முனிரத்தினம் நகரிக்குப் பக்கத்தில் விளைவிக்கிறான். இதை நான் டெரிலிடம் ஒருநாளும் சொன்னதில்லை. மறைக்க வேண்டும் என்றில்லை, பேச்சு வரவில்லை, பிறகு பேச்சு வந்தபோது நேரம் கடந்துவிட்டது.

2

டெரிலைப் பற்றிச் சொல்லாவிட்டால் என் அவஸ்தை உங்களுக்குப் புரியாது.

நாங்கள் வந்த முதல் மழைக்காலத்தில் புயல் அடித்து வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். யாரையும் தெரியாது, யாரை எப்படிக் கூப்பிடுவது என்பதும் தெரியாது. டிராக்டரை ஓட்டிக்கொண்டு வந்து நின்றவர் இந்த மனிதர். இரண்டு வயதுக் குழந்தையாக இருந்த என் மகள் நித்யாவைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். அவர் பேசிய இங்கிலீஷில் எனக்கு ஒரு வார்த்தைகூடப் பிடிபடவில்லை. ஆனாலும் ஏறி உட்கார்ந்துவிட்டேன். அவர் வீட்டில் ஐந்து நாள் சாப்பிட்டோம். அந்தக் கணக்கை எதைக் கொடுத்துத் தீர்ப்பது.

நித்யாவுக்கு இப்போது பதினாறு வயது. சனிக்கிழமைகளில் டெரில் தோட்டத்தில் வேலை செய்கிறாள். சீசனில் பழம் அடுக்குவாள், மற்ற மாதங்களில் சொட்டுநீர்க் குழாயில் அடைப்பு எடுப்பாள். வீட்டில் ஒரு டம்ளர் கழுவ ஏழு முறை கூப்பிட வேண்டும், அங்கே போனால் விடிவதற்குள் எழுந்து நிற்கிறாள். அவர் தோட்டத்துப் பழத்தை அவள் "நம்ம பழம்" என்பாள், இங்கிலீஷில். அது தித்திப்பான பழம், நம் மல்கோவாவுக்குச் சித்தப்பா பிள்ளை மாதிரி இருக்கும். தம்பி தோப்புக் காயைப் பற்றிப் பேச்சு வந்தால் "மாமா ஊர் காய்". ஊருக்குப் போயிருந்தபோது உப்பும் மிளகாய்த்தூளும் தடவி ஒரு கீற்று கொடுத்தோம். முகத்தைச் சுளித்து, நாகரிகமாக ஓரமாக வைத்துவிட்டாள். எனக்கு அன்று வந்த கோபம் ஒரு கீற்று மாங்காய்க்கு மிகவும் அதிகம்.

லேபில் எனக்கு வேலை டிரம்மைத் திறந்து, மாதிரி எடுத்து, இனிப்பும் புளிப்பும் அளந்து எழுதுவது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் முதல் சித்தூர் டிரம்மின் உள்பையை வெட்டியபோது வந்த வாசனை இன்னும் நினைவிருக்கிறது. எங்கள் ஊரில் ஆனி, ஆடியில் ரோட்டோரம் நிற்கும் டிராக்டர்களின் வாசனை அது. கண்ணாடியும் முகமூடியும் போட்டிருந்ததால் நான் அழுதது யாருக்கும் தெரியவில்லை. நல்ல கூழ். தரம் குறைந்தது என்று அதைப் பார்த்துச் சொல்ல எனக்கு எப்படி வாய் வரும். சொல்லாவிட்டால் டெரிலின் முகத்தில் எப்படி விழிப்பது.

3

இரண்டு நாள் சரியாகத் தூங்காமல், மூன்றாம் நாள் தம்பிக்குப் போன் போட்டேன். அவன் அப்போதுதான் தோப்பிலிருந்து வந்திருந்தான்.

"இன்னாக்கா, இந்த நேரத்துல. துன்னியா?"

"துன்னாச்சு. காய் எப்டி கீது?"

"காய்க்கு ஒண்ணும் கொற இல்ல. வாங்கறவன்தான் இல்ல. டோக்கன் குடுத்துக்கினு கீறாங்க. நமக்குச் சனிக்கெழம வரும்."

கூழ் ஃபேக்டரிகள் எல்லாம் ஆந்திராப் பக்கம், புத்தூர், சித்தூர், திருப்பதி சுற்றுவட்டாரத்தில் இருக்கின்றன. டோக்கன் வாங்கி, டிராக்டரில் காயை ஏற்றிக்கொண்டு போய், ஃபேக்டரி வாசலில் இரண்டு நாள் வரிசையில் நிற்பார்கள். போன வருடம் நம்பர் வருவதற்குள் காய் கறுத்துப்போய், ஒரு லோடு முழுவதையும் ரோட்டோரம் கொட்டிவிட்டு வந்தான். அன்று அவன் சொன்னது என் நெஞ்சில் இருக்கிறது. இன்னொரு வருடம் இப்படிக் காய் போகவில்லையென்றால் மரத்தை வெட்டிவிட்டுத் தைலமரம் வைத்துவிடுவேன் என்றான். நைனா வைத்த மரங்கள். அவன் சொன்னால் செய்வான்.

டெரில் கேட்டதை அவனிடம் சொன்னேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"இன்னாத்துக்கு இப்ப அழுவற? அவுரு கேக்கறதுல இன்னா தப்பு? நாங்களும் அத்தத்தான் கேட்டுக்கினு கீறோம். போன வாரம் கிராம சபைல தீர்மானம் போட்டோம். வெளிக் காய் ஜில்லாக்குள்ள வரக்கூடாது, வந்தா வரி கட்டிட்டுத்தான் வரணும். மொதல்ல எழுந்து பேசனது யாருன்ற? நான்தான். ஊருக்குத் தலைவரு, சர்பஞ்சே கை தட்டனாரு."

"எந்தக் காய் வெளிக் காய்?"

"தமிழ்நாட்டுக் காய், கர்நாடகாக் காய், எல்லாந்தான். அவங்க கம்மி வெலைக்குக் கொண்டாந்து கொட்டறாங்க, நம்ம வண்டி ரெண்டு நாள் வெயில்ல காயுது. தீர்மானத்த பாத்துட்டு இப்ப எல்லைக் கேட்டுல ஆள் போட்டுட்டாங்க. ஒரு வண்டி உள்ள வரமுடியாது."

போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினேன்.

"முனி, நம்ம தோப்பு எங்கடா கீது?"

எங்கள் வீடு ஆந்திராவில். தோப்பு அரைக் கிலோமீட்டர் தெற்கே, தமிழ்நாட்டில். எல்லைக் கோடு போட்டவர்கள் எங்கள் குடும்பத்தைக் கேட்டுப் போடவில்லை. சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு தினம் மாநிலம் விட்டு மாநிலம் போய் வருகிறோம் என்ற நினைப்பு எங்கள் வீட்டில் யாருக்கும் இருந்ததில்லை. தோப்புக்குப் போவோம், வருவோம், அவ்வளவுதான்.

"அது நம்ம தோப்புக்கா. அதப் போய் எவன் வெளிக் காய்னு சொல்லுவான்" என்றான் முனிரத்தினம், மிகுந்த நம்பிக்கையோடு. பிறகு, "நீ அத்த வுடு. அந்த ஆளுகிட்ட நேரா சொல்லு. வரி கேளு, உனுக்கு உரிமை கீதுன்னு சொல்லு. நம்ம காய் நல்லா இல்லன்னு மட்டும் உன் வாயால சொல்லாத. பொய்யி சொல்லி வாங்கற வரி எவனுக்கும் ஒட்டாது" என்றான்.

அன்று இரவு அடித்துப்போட்டது போல் தூங்கினேன்.

4

கவுன்சில் கூட்டம் நூலகத்தின் பின்னறையில் நடந்தது. மேயரம்மாவை ஊரே பெயர் சொல்லித்தான் கூப்பிடும். எனக்குப் பதினான்கு வருடமாகியும் அது வரவில்லை, "மேடம்" என்றுதான் ஆரம்பித்தேன். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். டெரில் முன்வரிசையில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நித்யா அவருக்குப் பக்கத்தில்.

எழுதி வைத்திருந்த காகிதத்தைப் பையிலேயே விட்டுவிட்டேன். நான் பேசியதன் சாரம் இதுதான். இந்தக் கூழ் என் மாவட்டத்திலிருந்து வருகிறது. என் தம்பி அங்கே மா விவசாயி. கூழ் நன்றாக இருக்கிறது, பழசு கிடையாது, என் மகளுக்கு நானே கொடுப்பேன். கெட்டது என்று நான் சொன்னால் அது பொய். ஆனால் டெரில் கேட்கிற வரியைக் கேட்க அவருக்கு நியாயம் இருக்கிறது. என் தம்பியும் அவன் ஊர்க் கூட்டத்தில் எழுந்து நின்று இதையேதான் கேட்டிருக்கிறான், அவனுக்குக் கை தட்டினார்கள். உங்கள் விளைச்சலுக்கு விலை வேண்டும் என்று கேளுங்கள், அது போதும். அடுத்தவன் விளைச்சலைக் குறை சொல்லாமலே கேட்கலாம்.

மூன்று நிமிடம் முடியும் முன்பே பேச்சு தீர்ந்துவிட்டது. மிச்ச நேரத்தை என்ன செய்வது என்று தெரியாமல் நன்றி மேடம் என்று மறுபடியும் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் எடுத்துவிட்டு, மற்றபடி தீர்மானத்தை அப்படியே நிறைவேற்றினார்கள். எதிர்த்து ஒருவர்கூட இல்லை. நானும்தான் கை தட்டினேன். டெரில் எழுந்தார், தொப்பியைப் போட்டார், என் பக்கம் திரும்பாமல் வெளியே போனார்.

காரில் நித்யா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தாள். பாதி வழியில், "இது நம்ம ஊர் விஷயம். நீ ஏன் இந்தியாவை உள்ளே இழுத்தே" என்றாள், இங்கிலீஷில்.

"நான் இழுக்கல. டிரம்முல வந்துச்சு" என்றேன் தமிழில்.

அடுத்த நாள் முழுவதும் வேலியின் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வரவில்லை. பாத்திரம் தேய்க்கும்போதெல்லாம் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பொய் சொல்லாதது சரிதான் என்று மனசு சொல்லிக்கொண்டே இருந்தது. ஆனாலும் தோளில் குழந்தையைத் தூக்கிய மனிதரை ஊர் நடுவில் விட்டுக்கொடுத்துவிட்டேனோ என்றுதான் தோன்றியது.

5

சனிக்கிழமை பிற்பகல் நான் டீக்குத் தண்ணீர் வைத்திருந்தேன். ஊரில் அப்போது காலை பத்து மணி இருக்கும். முனிரத்தினம் கூப்பிட்டான்.

"அக்கா, வண்டிய நிறுத்திட்டாங்க."

"எங்க?"

"கேட்டுலதான். வெடிகாலம் காய ஏத்திக்கினு வந்தேன். மரம் எங்க கீதுன்னு கேட்டாங்க, கைய காட்டனேன். அது தமிழ்நாடு, திருப்பிக்கினு போன்றான். நான் இந்த ஊருக்காரன் சார், தீர்மானம் போட்டதே நான்தான்னு சொல்றேன், சிரிக்கறான். சாய்ங்காலத்துக்குள்ள போவலன்னா டோக்கன் போச்சு. வெயில் ஏறுது, காய் பழுத்துக்கினு கீது."

அவன் குரலில் போன வருடத்துக் குரல் இருந்தது. மரத்தை வெட்டிவிடுவேன் என்று சொன்ன அதே குரல். சர்பஞ்சைக் கூப்பிட்டிருக்கிறானாம், அவர் அந்தக் கேட்டுக்குப் பொறுப்பான அதிகாரியை அழைத்துக்கொண்டு வருகிறாராம். போனை வைத்துவிட்டான்.

அந்த நேரம் பார்த்துத்தான் பின்கதவில் தட்டும் சத்தம் கேட்டது. டெரில். பின்னால் கையெல்லாம் சேறாக நித்யா. குழாய் அடைப்பு எடுத்துவிட்டு வந்திருக்கிறார்கள். டெரில் வாசற்படியில் நின்று, கூட்டத்தைப் பற்றி ஏதோ சொல்வதற்காகத் தொண்டையைச் செருமினார். என் முகத்தைப் பார்த்ததும் அதை விட்டுவிட்டு, என்ன ஆச்சு என்று கேட்டார்.

சொன்னேன். அழுகையும் கோபமுமாக, வார்த்தை முன்பின்னாக, பாதி தமிழில்கூடச் சொன்னேன். நித்யாதான் இடையிடையே சரிசெய்தாள். தன் தீர்மானத்தாலேயே தன் வண்டி நின்றுவிட்டது என்ற இடம் வந்தபோது டெரில் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மரத்துக்குத் தண்ணி எங்கிருந்து போகுது?"

"போர் வீட்டுப் பக்கத்துல. குழாய் போட்டுத் தோப்புக்குப் போகுது."

"வீடு இருக்கற மாநிலத்துலயா?"

"ஆமாம்."

"அப்ப அது இந்தப் பக்கத்துக் காய்தான்" என்று மேஜையைத் தட்டினார் டெரில். "தண்ணி யாரோடதோ காய் அவங்களோடது. அந்த முட்டாள்கிட்ட உன் தம்பி இதைச் சொன்னானா?"

நித்யா அதற்குள் என் போனை எடுத்து மாமாவைக் கூப்பிட்டிருந்தாள். வருடத்துக்கு இரண்டு முறை, பொங்கலுக்கும் அவன் பிறந்தநாளுக்கும், நான் காதில் வைத்துப் பிடித்தால்தான் பேசுகிற பெண். "மாமா, தண்ணி. போர் இந்தப் பக்கம்னு சொல்லு. குழாய் காட்டு" என்று தனக்குத் தெரிந்த தமிழை எல்லாம் கொட்டிக்கொண்டிருந்தாள்.

"நானும் அத்தத்தான் பாப்பா சொல்லிக்கினு கீறேன்" என்றான் அவன். "ஆபீசரு வந்துட்டாரு. குழாய்ய காட்டுன்றாரு. இரு, அப்பால பேசறேன்."

காத்திருந்தோம். டீ ஆறிப்போனது, யாரும் தொடவில்லை. என் கணவர் வெளியே போயிருந்தவர் வந்து பார்த்துவிட்டு, வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று நினைத்துக் குரலைத் தாழ்த்தினார். இறக்குமதி வரிக்காக ஆறு மாதம் அலைந்த டெரில், ஒரு லோடு சித்தூர் மாங்காய் ஒரு கேட்டைத் தாண்ட வேண்டுமே என்று என் சமையலறையில் உட்கார்ந்து கால் ஆட்டிக்கொண்டிருந்தார். எனக்கு நடுவில் ஒருமுறை சிரிப்பு வந்தது. வெயிலில் காய் பழுத்துக்கொண்டிருப்பது நினைவுக்கு வந்து அடங்கியது.

என்ன நடந்தது என்பதைத் தம்பி பிறகு விவரமாகச் சொன்னான். அந்த அதிகாரி போரடியில் ஆரம்பித்து, குழாயோடு கூடவே, கருவேல முள்ளில் கால்சட்டை மாட்ட, எல்லைக் கல்லைத் தாண்டித் தோப்பு வரைக்கும் நடந்திருக்கிறார். பின்னால் சர்பஞ்சும் கிராம சபையில் கை தட்டியவர்களும் போயிருக்கிறார்கள். முதல் மரத்தடியில் குழாயைப் பிடுங்கச் சொல்லித் தண்ணீரைக் கையில் ஏந்திப் பார்த்திருக்கிறார். பிறகு எல்லோரையும் பார்த்து, "மன காயே" என்றாராம், தெலுங்கில். நம்ம காய்தான் என்று அர்த்தம்.

மறுபடி போன் அடித்தபோது நித்யாதான் முதலில் எடுத்தாள்.

"மாமா, நம்ம காய் தாண்டிடுச்சா?"

நம்ம காய். நான் அடுப்பைத் துடைப்பது போல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"தாண்டிச்சு பாப்பா" என்று ஸ்பீக்கரில் கேட்டது. பின்னால் டிராக்டர் ஓடும் சத்தம். "புத்தூர் ரோட்ல போய்க்கினு கீறேன். டோக்கனுக்கு நேரம் கீது. இந்த வருசம் மரத்துக்கு ஒண்ணும் ஆவாது, அம்மாகிட்ட சொல்லு."

சொல்ல வேண்டியிருக்கவில்லை, கேட்டுவிட்டேன். நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்தேன்.

டெரில் ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தார். தொப்பியை எடுத்தார், எடுத்தவர் போகாமல் நின்றார்.

"இந்தக் காய்தானே சர்லா, அடுத்த வருஷம் கூழாகி உன் லேபுக்கு வரும்?"

"வரலாம்" என்றேன் தரையிலிருந்து.

தொப்பியைத் தலையில் வைத்தார். "வரட்டும். வரியைக் கட்டிட்டு வரட்டும்" என்றார்.

நித்யா அதை அப்படியே மாமாவுக்குத் தமிழில் சொன்னாள். டிராக்டர் சத்தத்துக்கு மேலே முனிரத்தினம் கத்தினான்.

"கட்டிடறோம்னு சொல்லு பாப்பா. எங்க ஊரு கேட்டையே தாண்டிட்டோம், அவுரு கேட்டு இன்னா பெரிசு. அப்டியே அவுரு காய் எங்க ஊருக்கு வந்தா, அதுக்கும் ஒரு தீர்மானம் போட்டு வெக்கறேன்னு சொல்லு."

அவள் சிரித்துக்கொண்டே இங்கிலீஷில் சொல்ல, டெரில் என் தம்பியின் பெயரை முதல் தடவையாகக் கேட்டுத் தெரிந்துகொண்டார். முனி என்று சொல்லிப் பார்த்தார், வந்தது. பிறகு பழையபடி வேலியைத் தாண்டி அவர் தோட்டத்துக்குப் போனார். எட்டிப் பார்த்தேன், வேலிக் கதவைத் திறந்தே விட்டுவிட்டுப் போயிருந்தார்.